பழஞ்சீனப் பீங்கான் சாடிகள்: ஒரே பொருளுக்கு இரு விலை ஏன்?

2022 அக்டோபர் 1 அன்று, பாரிசுக்கு அருகிலுள்ள ஃபோந்தென்ப்ளோ நகரில் நடந்த ஏலம் ஒன்றில், 54 சென்டிமீட்டர் உயரமுள்ள நீல-வெள்ளைச் சீனச் சாடி விற்பனைக்கு வந்தது. முகில்களுக்கிடையே டிராகன்கள் நெளியும் ஓவியம் அதன்மேல் தீட்டப்பட்டிருந்தது. ஏலப் பட்டியல் அதை 20ஆம் நூற்றாண்டு அலங்காரப் பொருள் என்று விவரித்து, 1,500 முதல் 2,000 யூரோ வரை மதிப்பிட்டிருந்தது. ஏலமோ 77 லட்சம் யூரோவில் முடிந்தது. கட்டணங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ 91 லட்சம் யூரோ. விற்றவர் வெளிநாட்டில் வசித்தவர். பிரான்சின் பிரித்தானி வட்டாரத்தில் குடும்ப வீட்டில் இருந்த பொருள்களோடு பொருளாக அந்தச் சாடியும் ஏலத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

பழகிய கண்ணுள்ள ஒரு நிபுணருக்கும் பழகிய கண்ணுள்ள ஏலதாரர்களுக்கும் இடையே ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு வேறுபாடு எப்படி வந்தது என்பதே இந்தச் செய்தியைப் படித்த பலரின் குழப்பம். இதற்கான விடை, இவ்வகைச் சாடிகளின் விலை எதன்மீது நிற்கிறது என்பதில் இருக்கிறது. களிமண்ணும் வேலைப்பாடும் விலையின் சிறு பகுதிதான். எந்தப் பேரரசரின் காலத்தில், எந்தச் சூளையில், யாருக்காகச் செய்யப்பட்டது என்ற தீர்ப்பே மீதி முழுவதையும் சுமக்கிறது. 20ஆம் நூற்றாண்டு என்று தீர்ப்பானால் அது கூடத்தில் வைக்கும் பொருள். 18ஆம் நூற்றாண்டு அரசவைச் சூளை என்று தீர்ப்பானால் அருங்காட்சியகப் பொருள். அந்தத் தீர்ப்பு எட்டப்படும் வழியையும் அது சறுக்கும் இடங்களையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பீங்கான் என்று எதைச் சொல்கிறோம்

நம் வீடுகளில் இருந்த ஊறுகாய் ஜாடியையும் பீங்கான் என்றே சொல்வது வழக்கம். ஆனால் சேகரிப்பாளர்களின் கணக்கில் அது வேறு வகை. மட்கலங்களை மூன்றாகப் பிரிக்கலாம். குறைந்த சூட்டில் வெந்து, நீரை உறிஞ்சும் மண்பாண்டம் முதல் வகை. அதைவிட மிகுந்த சூட்டில் வெந்து, கல்லைப் போல இறுகி, ஒளி ஊடுருவாமல் நிற்பது இரண்டாம் வகை. ஊறுகாய் ஜாடி இதைச் சேர்ந்தது. வெண்மையாக, கண்ணாடித் தன்மை ஏறி, மெல்லிய இடத்தில் ஒளியை ஊடுருவவிட்டு, தட்டினால் மணிபோல ஒலிப்பது பீங்கான்.

இந்த மூன்றாம் வகைக்கு இரண்டு மூலப்பொருள்கள் வேண்டும். ஒன்று கயோலின் எனப்படும் வெண்களிமண். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் ஜிங்தெஜென் நகருக்கு அருகிலுள்ள காவோலிங் என்ற ஊரின் பெயரே அந்தச் சொல்லுக்கு மூலம். மற்றொன்று பீங்கான் கல். அதைப் பொடித்து, கரைத்து, சிறு வெள்ளைக் கட்டிகளாக வார்த்துச் சூளைக்காரர்களுக்கு விற்றார்கள். வெண்களி கலத்துக்கு எலும்பைப் போல நின்று வடிவத்தைக் காக்கிறது; பீங்கான் கல் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசில் உருகி இடைவெளிகளை நிரப்புகிறது. இந்தச் சேர்மானத்தை ஐரோப்பா 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டுபிடித்து, 1710இல் ஜெர்மனியின் மைசென் நகரில் ஆலை அமைத்தது. அதற்குப் பிறகும் அங்கே தணியாதிருந்த சீனப் பீங்கான் வேட்கைக்கு ஒரு சான்று போதும்: 1717இல் சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ், 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய அரசருக்குக் கொடுத்து 151 சீனப் பீங்கான்களைப் பெற்றுக்கொண்டார். அவற்றில் இருந்த பெரிய மூடியிட்ட சாடிகளுக்கு அந்தப் படைப்பிரிவின் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

ஜிங்தெஜெனில் தங்கியிருந்த பிரெஞ்சுக் கிறித்தவத் துறவி தான்ட்ரகோல், 1712லும் 1722லும் எழுதிய நீண்ட மடல்களில், ஒரு கலம் முடிவதற்குள் எழுபது தொழிலாளர் கைகள் வழியாகச் செல்கிறது என்று சொல்லக் கேட்டதாகக் குறித்தார். மண் பிசைபவர் வேறு, சக்கரத்தில் வனைபவர் வேறு, கோடு வரைபவர் வேறு, அந்தக் கோட்டுக்குள் நீலம் நிரப்புபவர் வேறு. இந்த வேலைப் பகிர்வின் விளைவு சேகரிப்பாளரை நேரடியாகத் தொடுகிறது. ஓவியத்தில் ஓவியரின் பெயர் தேடப்படுவதைப் போல இங்கே கலைஞரின் பெயரைத் தேட முடியாது. அரசரின் ஆட்சிக்காலமே அந்த இடத்தில் வந்து அமர்கிறது.

வடிவங்கள்

சாடி வடிவங்கள் பல இருந்தாலும் மூன்றை அறிந்துகொண்டால் பெரும்பாலான செய்திகள் விளங்கும். உருண்டை வயிற்றின்மேல் நேரான கழுத்து நிற்பது தியான்ச்யூபிங், அதாவது வானக்கோளச் சாடி. ஃபோந்தென்ப்ளோவில் விற்றது இந்த வடிவம். அகன்ற தோளும் சிறு வாயும் ஒடுங்கிய அடியும் கொண்டது மெய்பிங், அதாவது பிளம் பூக்கிளைச் சாடி என்று சொல்லத்தக்கது; தொடக்கத்தில் அது மூடியோடு கூடிய மதுக்கலமாக இருந்தது. உலக்கை போல நெட்டையாக, நேரான உடலோடு நிற்பது காங்ஷி என்ற பேரரசரின் காலத்தில் பரவிய வடிவம். சீன மொழியில் சாடியைக் குறிக்கும் 'பிங்' என்ற சொல்லும் அமைதியைக் குறிக்கும் 'பிங்' என்ற சொல்லும் ஒலியில் ஒன்று. சாடியை மணப்பரிசாகத் தருவதற்கும் வீட்டில் இணையாக வைப்பதற்கும் இந்த ஒலியொற்றுமையே காரணம்.

அடியில் உள்ள ஆறு எழுத்துகள்

சாடியைக் கவிழ்த்தால் அடியில் பெரும்பாலும் நீல எழுத்துகள் தெரியும். இதை ஆட்சிக் குறி என்கிறோம். முழுமையான குறியில் ஆறு எழுத்துகள் உண்டு: முதல் இரண்டு வம்சத்தையும், அடுத்த இரண்டு பேரரசரின் ஆட்சிப்பெயரையும், கடைசி இரண்டு 'காலத்தில் செய்தது' என்பதையும் சொல்கின்றன. 'மாபெரும் சிங் வம்சத்து சியென்லாங் காலத்தில் செய்தது' என்பது போன்ற ஆறெழுத்தைப் பார்த்ததும் பொருள் 1736க்கும் 1795க்கும் இடைப்பட்டது என்று முடிவு கட்டுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. குறி ஒரு கூற்று. அது சான்றாக மாட்டாது. காரணங்கள் வருமாறு.

1. முன்னோர் பெயரை எழுதுவது சீன மரபில் மரியாதை. செங்ஹுவா என்ற மிங் வம்சப் பேரரசரின் காலத்துப் (1465–1487) பீங்கான்கள் பின்னோரால் உச்சமாகப் போற்றப்பட்டன. எனவே இருநூறு ஆண்டுகள் கழித்துக் காங்ஷி காலத்தில் (1662–1722) வேலை செய்தவர்கள் தம் நல்ல கலங்களில் செங்ஹுவா குறியை எழுதினார்கள். யாரையும் ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை. இன்று அந்தக் காங்ஷி கலங்களே பெருவிலை பெறுகின்றன.

2. 1677இல் ஜிங்தெஜெனின் உள்ளூர் அதிகாரி, உடையும் கலத்தில் பேரரசரின் பெயரை எழுதி அது குப்பையில் மிதிபடுவது தகாது என்று கருதி, ஆட்சிப்பெயர் எழுதுவதைத் தடைசெய்தார். அதனால் காங்ஷி காலத்து உண்மையான கலங்கள் பலவற்றில் வெறும் இரட்டை வட்டமோ, இலையோ, வேறு மங்கலச் சின்னமோ மட்டும் இருக்கும். குறி இல்லாததை வைத்துப் பழமை இல்லை என்று சொல்லவும் முடியாது.

3. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்குலகில் நீல-வெள்ளைச் சாடி மோகம் எழுந்தபோது, காங்ஷி பெயரை நாலெழுத்தாகச் சுருக்கி எழுதிய ஜாடிகள் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. பழம்பொருள் கடைகளில் 'காங்ஷி' என்று நீட்டப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த அலையைச் சேர்ந்தது.

4. இவற்றுக்கெல்லாம் மேலாக, வாங்குவோரை ஏமாற்றவே எழுதப்படும் குறிகள் உண்டு. இன்றைய ஜிங்தெஜெனில் மிகத் திறமையான கைகள் இதைச் செய்ய வல்லவை.

எழுத்துகளில் ஒரு வகை மட்டும் உறுதியாகப் பேசும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு இறக்குமதி வரிச் சட்டம், 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்றது. அடியில் ஆங்கில எழுத்தில் 'சைனா' என்று இருந்தால், பக்கத்தில் எந்தப் பேரரசரின் பெயர் இருந்தாலும், பொருள் 1891க்குப் பிந்தையது என்று கொள்வதே முறை.

கலத்தின் உடல் சொல்வது

குறியை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? பழம்பொருள் ஆய்வில் எளிய, ஆனால் வலிமையான விதி ஒன்று உண்டு: ஒரு பொருளில் உள்ள மிகப் புதிய கூறு எதுவோ, அதைவிடப் பொருள் பழையதாக இருக்க முடியாது.

இளஞ்சிவப்பு நிறம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பொன்னின் நுண்துகள்களிலிருந்து எடுக்கப்படும் இளஞ்சிவப்பு எனாமல், ஐரோப்பியத் தொடர்பின் வழியாக 1720ஐ ஒட்டித்தான் சீனப் பீங்கானில் நுழைந்தது. அதோடு ஒளி ஊடுருவாத வெள்ளை எனாமலும் வந்ததால், பூவிதழ்களில் அடர்வையும் வெளிர்வையும் படிப்படியாக ஏற்றிக் காட்டும் ஓவியமுறை சாத்தியமானது. அதற்கு முந்தைய காங்ஷி சாடிகளில் பச்சை, மஞ்சள், செங்காவி, கத்தரிப்பூ நிறம் ஆகியவை ஆட்சி செய்தன. எனவே இளஞ்சிவப்பு மொட்டோடு நிற்கும் சாடியின் அடியில் செங்ஹுவா என்று எழுதியிருந்தால், ஆய்வுக்கூடம் போகாமலேயே அந்தக் கூற்றை ஒதுக்கிவிடலாம். தொடக்க நிலைச் சேகரிப்பாளர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய ஆண்டு 1720 என்பது என் கருத்து. இந்த ஓர் எண் எத்தனையோ வீண் செலவுகளைத் தடுக்கும்.

நீலம் இதைவிட நுட்பமானது. நீல-வெள்ளைக் கலத்தில் கோபால்ட் நிறமியை வெந்திராத உடலின்மேல் தீட்டி, மேலே நிறமற்ற கண்ணாடிப் பூச்சான மெருகைப் பூசி, ஒரே சூட்டில் வேகவைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பயன்பட்ட சிறந்த கோபால்ட் மேற்காசியாவிலிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. தூரிகை தேங்கிய இடங்களில் நிறமி குவிந்து, கருமையான புள்ளிகளாக மெருகுக்குள் அமிழ்ந்தது. பின்னர் பரவிய சீனக் கோபால்ட்டில் மாங்கனீசு அதிகம். அந்தக் கருந்திட்டுகள் மறைந்து நீலம் சீராகிவிட்டது. முதலில் குறையாக இருந்த இந்தத் திட்டுகளைப் பிற்காலம் அழகாகக் கொண்டாடியது. 18ஆம் நூற்றாண்டு அரசவைச் சூளையில், 15ஆம் நூற்றாண்டுக் கலங்களைப் போலச் செய்தவர்கள், தூரிகை நுனியால் வேண்டுமென்றே கருநீலப் புள்ளிகளை வைத்தார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால், இயற்கைத் திட்டு ஒழுங்கின்றிப் பரவி மெருகில் சிறு பள்ளமாக அமிழ்ந்திருக்கும். வைத்த புள்ளி கோட்டின் ஓரமாக ஒருவிதத் தாளத்தோடு வரும். ஃபோந்தென்ப்ளோ சாடி போன்றவற்றில் நிபுணர்கள் பிரிவது பெரும்பாலும் இவ்வகை நுட்பத்தில்தான்: 15ஆம் நூற்றாண்டு முன்மாதிரியை 18ஆம் நூற்றாண்டு போலச் செய்தது, அதையே 20ஆம் நூற்றாண்டு மறுபடியும் போலச் செய்தது. படத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும்.

கை வைத்துப் பார்க்க வேண்டியவை மேலும் சில.

1. இணைப்பு: பெரிய சாடிகளை ஒரே மூச்சில் வனைய முடியாது. இரண்டு மூன்று பகுதிகளாக வனைந்து, களிமண் குழம்பால் ஒட்டினார்கள். கழுத்துக்குள் விரலை விட்டால் கிடைமட்டமாக ஒரு மேடு தட்டுப்படும். அச்சில் குழம்பை ஊற்றி வார்த்த பிற்காலச் சாடியில் அந்த மேடு இராது. செங்குத்தான தையல் கோடு தெரியலாம்.

2. அடிவளையம்: கலம் சூளையில் நின்ற இடம் மெருகின்றி இருக்கும். உடலின் உண்மையான முகத்தைக் காட்டுவது இந்த ஒரே இடம். காங்ஷி காலத்து நல்ல உடலைச் சீன வணிகர்கள் 'ஒட்டரிசி உடல்' என்று சொல்வார்கள். தொட்டால் ஈரமாவின் வழவழப்புப் போல இருக்கும். பழகாத கைக்கு இது பிடிபடாது. படம் பார்த்து வாங்குவோருக்கு அறவே பிடிபடாது.

3. தேய்மானம்: இருநூறு ஆண்டுகள் புழங்கிய கலத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும், ஆழம் மாறி மாறி, தொடும் இடங்களில் மிகுந்து காணப்படும். உப்புத்தாளால் தேய்த்தவை ஒரே திசையில் ஓடும். புதுப் பளபளப்பை அமிலத்தால் மங்கவைத்த மெருகு, உருப்பெருக்கியில் உயிரற்றுத் தெரியும்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது: 1351ஆம் ஆண்டுச் சாடிகள்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, ஐயமின்றிக் காலம் தெரிந்த கலங்கள் சில இருக்க வேண்டும். அவற்றில் தலையாயவை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் சாடிகள். 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள இந்த நீல-வெள்ளை இணையின் கழுத்தில் நீண்ட எழுத்துப் பொறிப்பு உள்ளது: ஜாங் வென்ஜின் என்பவர் தம் குடும்ப நலம் வேண்டி ஒரு தாவோ கோயிலுக்குச் சமர்ப்பித்தது என்று சொல்லி, மங்கோலிய யுவான் ஆட்சியின் ஆண்டைக் குறிக்கிறது. அது கி.பி. 1351. சேகரிப்பாளர் சர் பெர்சிவல் டேவிட் இந்த இரண்டு சாடிகளையும் வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்கி மறுபடியும் இணை சேர்த்தார்.

இவை வெளிச்சத்துக்கு வருவதற்கு முன், இத்தனை முதிர்ந்த நீல-வெள்ளை வேலை யுவானுக்குப் பின் வந்த மிங் காலத்தில்தான் தோன்றியது என்ற எண்ணம் பரவியிருந்தது. 1929இல் அருங்காட்சியக அறிஞர் ஹாப்சன் பொறிப்பைப் பற்றி எழுதிய பிறகும் அதன் முழுப் பொருள் உணரப்படவில்லை. 1950களில் அமெரிக்க அறிஞர் ஜான் போப், இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் தர்காவிலும் இருந்த சேகரங்களை ஆராய்ந்து, டேவிட் சாடிகளை அளவுகோலாக வைத்து, அவற்றோடு ஒத்த கலங்களை 14ஆம் நூற்றாண்டுக்கு உரியவை என்று பிரித்தெடுத்தார். ஒரு பொறிப்பு ஒரு முழு வகையின் வயதையே மாற்றிவிட்டது. வயது மாறியதும் விலையும் மாறியது: 2005 ஜூலையில், குய்குசி என்ற துறவி மலையிறங்கும் காட்சி தீட்டிய யுவான் காலச் சாடி ஒன்று லண்டனில் 157 லட்சம் பவுண்டுக்கு விற்றது. டேவிட் சேகரத்தின் ஏறத்தாழ 1,700 கலங்களை அதன் அறங்காவலர்கள் 2024இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அறிவித்தார்கள்.

ஆய்வுக்கூடம் தீர்த்துவைக்காதா?

ஓரளவே தீர்க்கும். வெப்ப ஒளிர்வுச் சோதனை, களிமண் கடைசியாகச் சூளையில் வெந்து எவ்வளவு காலமாயிற்று என்று மதிப்பிடுகிறது. இதற்கு அடியிலிருந்து சிறு துண்டைத் துளைத்து எடுக்க வேண்டும். சாடியின் உரிமையாளர் பலர் இதற்கு ஒப்புவதில்லை. கிடைக்கும் வயதிலும் கணிசமான இடைவெளி இருக்கும். 14ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டையும் அது பிரித்துவிடும். ஆனால் 1735இல் முடிந்த யொங்ஜெங் ஆட்சியையும் 1736இல் தொடங்கிய சியென்லாங் ஆட்சியையும் பிரிக்க அதனால் முடியாது. விலையோ அந்த நுண்ணிய பிரிவில்தான் மாறுகிறது. மேலும், பழைய உடைந்த கலத்தின் அடியைப் புதிய உடலில் பொருத்தினால், சோதனை அடியின் வயதைச் சொல்லும். செயற்கைக் கதிர்வீச்சு செலுத்தி வயதை ஏற்றிக் காட்டுவதும் உண்டு. துளையிடாமல் மெருகின் தனிமங்களை அளக்கும் எக்ஸ் கதிர் முறை, மேலே சொன்ன இரும்பு-மாங்கனீசு விகிதத்தைக் காட்ட உதவும். ஆனால் அது முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும் கருவிதான், பழமையை நிறுவும் கருவி ஆகாது.

கைமாறிய வரலாறு

கண்ணும் கருவியும் நின்றுவிடும் இடத்தில் ஆவணம் தொடங்குகிறது. ஒரு கலம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்ற தொடர்ச்சியை உடைமை வரலாறு என்கிறோம். சீனப் பீங்கானைப் பொறுத்தவரை இந்த வரலாறு பல வழிகளில் பிரிகிறது.

ஏற்றுமதிக்காகவே செய்யப்பட்டவை 17ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய வணிகக் குழுமங்களின் கப்பல்களில் சென்று மாளிகைகளில் தங்கின. அரசவைக்காகச் செய்யப்பட்டவை அரண்மனைக்குள் இருந்தன. 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடிய பிறகு அவற்றில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குச் சென்றது. 1900இல் பெய்ஜிங்கில் நடந்த சூறையிலும் பல வெளியேறின. எஞ்சியவற்றில் சிறந்த பகுதி ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி 1933இல் பெட்டிகளில் தெற்கே அனுப்பப்பட்டு, அவற்றில் ஒரு பகுதி உள்நாட்டுப் போரின் முடிவில் தைவானைச் சேர்ந்தது. எனவே பிரான்சிலோ இங்கிலாந்திலோ உள்ள ஒரு பழைய வீட்டின் பரணிலிருந்து அரசவைச் சாடி வெளிப்படுவது நம்பத்தக்க செய்திதான். 2018 ஜூனில் பாரிசில் 162 லட்சம் யூரோவுக்கு விற்ற சியென்லாங் காலச் சாடி, பரணில் காலணிப் பெட்டிக்குள் இருந்து வந்தது. பிரித்தானி வீட்டுச் சாடியை ஏலதாரர்கள் கூர்ந்து பார்த்ததற்கு இந்தப் பின்னணி வலுவான காரணம்.

இதே காரணத்தால், இவ்வகைப் பொருள்களின்மேல் அறக்கேள்வி ஒன்றும் நிற்கிறது. 1860இன் சூறைப்பொருள் என்று தெரிந்த கலம் இன்று விலை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அரண்மனையில் இருந்ததற்கு அதுவே சான்றாகிவிடுகிறது. சட்டம் எதைச் சொன்னாலும், பறித்ததே தரச்சான்றாகும் இந்த நிலை சேகரிப்பாளர்களை உறுத்த வேண்டும் என்றே எண்ணுகிறேன்.

குறைந்த செலவில் உறுதியான உடைமை வரலாறு வேண்டுவோர் கப்பல் சரக்குகளைப் பார்க்கிறார்கள். 1752இல் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சனின் சரக்கு 1986லும், 1690ஐ ஒட்டி வியட்நாம் கடலில் மூழ்கிய வுங் தாவ் கப்பலின் சரக்கு 1992லும் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டன. இரண்டாவதில் சிறுசிறு காங்ஷி சாடிகள் ஏராளம். ஒரே நாளில் மூழ்கிய சரக்கு என்பதால் காலம் ஐயமற்றது. ஏலத்தின் ஒட்டுத்தாள் அடியில் இருக்கும். ஆயினும் பொருளைத் தூக்குவதில் காட்டிய அக்கறையைக் கப்பலின் அமைப்பைப் பதிவு செய்வதில் காட்டவில்லை என்று தொல்லியலாளர்கள் கெல்டர்மால்சன் விற்பனையைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒட்டுத்தாளைப் பெயர்த்து வேறு கலத்தில் ஒட்டுவதும் நடக்கிறது. பட்டியல் எண்ணையும் படத்தையும் ஒப்பிடாமல் ஒட்டுத்தாளை மட்டும் நம்புவது, அடியில் உள்ள ஆறெழுத்தை நம்புவதைப் போன்றதே.

சேதம்

மயிரிழை விரிசல், வெட்டிச் சமன் செய்த கழுத்து, மின்விளக்குத் தண்டுக்காக அடியில் போட்ட துளை ஆகிய மூன்றும் சாடிகளில் அடிக்கடி காணப்படுபவை. அரசவைக் கலத்தில் இவை விலையைப் பெரிதும் வீழ்த்தும். ஆனால் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இதுவே வாய்ப்பு: உண்மையான காங்ஷி உடலையும் மெருகையும் கையில் வைத்துப் பழக, விரிசல் விட்ட சாடியைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. பழுதை மறைத்த இடத்தில் பூசிய பசையும் வண்ணமும் புறஊதா விளக்கில் வேறாக ஒளிரும். சுண்டினால் மணியொலிக்குப் பதில் மழுங்கிய ஓசை வரும்.

சட்டத்தின் கோடுகள்

1. சீனா: பல பத்தாண்டுகளாக 1795 என்ற ஆண்டே ஏற்றுமதிக்கான எல்லைக்கோடாக இருந்தது, அதற்குப் பிந்தையவை அரசின் சிவப்பு அரக்கு முத்திரையோடு வெளியேற முடிந்தது. 2007இல் அந்தக் கோடு 1911க்கு நகர்த்தப்பட்டது. அதற்கு முற்பட்ட மதிப்புள்ள பொருள்கள் கொள்கையளவில் வெளியேற முடியாது. சீனாவிலிருந்து அண்மையில் நேரே வந்த மிங் சாடி என்று யாரேனும் விற்க முன்வந்தால், அது போலியாகவோ கடத்தலாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

2. இந்தியா: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது; வணிகம் செய்ய உரிமம் வேண்டும். பரம்பரையாக வீட்டில் இருக்கும் சீனச் சாடியை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்லியல் துறையை அணுக வேண்டும்.

தமிழகக் கடற்கரையில் இந்தச் சட்டத்துக்குத் தனிப் பொருள் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினத்தில் 1980களில் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் ஈடுபட்ட ஆய்வுகள், 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனக் கல ஓடுகளை வெளிக்கொணர்ந்தன. லுங்ச்சுவான் சூளைகளின் பச்சை மெருகுக் கலங்களும் ஜிங்தெஜென் பீங்கானும் அவற்றில் உண்டு. மண்ணடுக்கில் இருக்கும்வரை அந்த ஓடு ஒரு துறைமுகத்தின் வாணிபத்தைச் சொல்லும். எடுத்து அலமாரியில் வைத்தால் பழைய ஓடாக மட்டுமே நிற்கும்.

செய்தியில் வரும் விலையை எப்படிப் படிப்பது

ஒரே விற்பனையில் மூன்று எண்கள் இருக்கும். ஏலத்துக்கு முன் தரப்படும் மதிப்பீடு முதலாவது. போட்டியைத் தூண்டுவதற்காக அதைத் தாழ்த்தி வைப்பது வழக்கம். 2018இன் காலணிப் பெட்டிச் சாடியை விற்றவர்கள் அதை அரசவைச் சாடி என்று சரியாக அடையாளம் கண்டும் 5 லட்சம் முதல் 7 லட்சம் யூரோ என்றுதான் குறித்திருந்தார்கள். எனவே மதிப்பீட்டைத் தாண்டி விற்பதை மட்டும் வைத்து நிபுணர் தவறினார் என்று சொல்ல முடியாது. ஏலத்தை நடத்துபவர் சுத்தியலைத் தட்டும்போது நிற்கும் தொகை இரண்டாவது. அதன்மேல் வாங்குபவர் கட்டணம் சேர்வது மூன்றாவது. ஃபோந்தென்ப்ளோவின் 77 லட்சம் 91 லட்சமானது இவ்வாறுதான்.

அங்கே ஏல நிறுவனம், தன் நிபுணர் தவறிவிட்டார் என்றும் அவர் இனித் தன்னோடு பணியாற்றவில்லை என்றும் அறிவித்தது. இத்தனை ஏலதாரர்களுக்கு எதிராக ஒருவர் மட்டும் சரியாக இருக்க முடியாது என்பது அதன் வாதம். ஆனால் போட்டி, வாங்குவோரின் நம்பிக்கையைத்தான் அளக்கிறது. இரண்டு பேர் ஒரே ஊகத்தை மேற்கொண்டால் போதும், விலை விண்ணைத் தொடும். ஊகத்தின் உண்மை அதனால் கூடுவதில்லை. சாடியின் வயதை உடலும் ஆவணமும் மட்டுமே நிறுவ முடியும்.

நான்காவது எண் ஒன்றும் உண்டு. செய்திகளில் அது அரிதாகவே வரும். அது உண்மையில் செலுத்தப்பட்ட தொகை. 2010 நவம்பரில் மேற்கு லண்டனின் ரைஸ்லிப்பில் ஒரு சிறு ஏலக்கூடத்தில், ஒரு வீட்டுச் சாமான்களோடு வந்த சியென்லாங் காலத்து இரட்டைச் சுவர்ச் சாடி 430 லட்சம் பவுண்டில் முடிந்தது. கட்டணத்தோடு 516 லட்சம். உலகெங்கும் நாளிதழ்கள் அந்த எண்ணை அச்சிட்டன. வாங்கியவர் பணம் கட்டவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த பிறகு, 2013 ஜனவரியில் அந்தச் சாடி வேறொரு நிறுவனத்தின் வழியாக, ஏலக்கூடத்துக்கு வெளியே, மற்றொருவருக்கு விற்கப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட விலை 200 லட்சத்துக்கும் 250 லட்சத்துக்கும் இடையில்.